அம்மாவின் ஜன்னலில் ஒரு காவல்காரன்

நடுப்பகல் பன்னிரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. ஆனால், மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

போன வருஷம் ஆடி மாதம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனபோது முதலில் கண்ணில் பட்டது இதுதான். ஐந்து ஜன்னல்கள் உள்ள வீட்டில் ஐந்துமே சாத்திக் கிடந்தன. உள்ளே நுழைந்ததும் ஒரு புழுக்க வாசனை. மூலையில் அம்மா ஃபேனுக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, பகல்லயே லைட்டைப் போட்டு உக்காந்திருக்கே? ஜன்னலைத் தொறந்து வைக்கக் கூடாதா?"

"தூசிடி. ரோட்டுல லாரியா போவுது."

சாயங்காலம் கேட்டேன். "கொசு வந்துரும்" என்றார். மறுநாள் காலையில் கேட்டேன். "எதிர்வீட்டுல புதுசா யாரோ குடிவந்திருக்காங்க. நேரா நம்ம கூடத்தையே பாக்குறாங்க" என்றார். ஒரு கேள்விக்கு மூன்று பதில் வந்தால், மூன்றும் உண்மையான பதில் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பெங்களூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, நான் போன தடவை வந்தப்பவும் இதேதான். அப்பா போனதுலேர்ந்து அம்மா ஒரு மாதிரி ஒடுங்கிட்டாங்க. வெளிச்சமே வேணாங்கிறது டிப்ரஷனோட அறிகுறின்னு சொல்றாங்க. பேசாம இங்க கூட்டிட்டு வந்துடறேன். வீட்டைப் பூட்டிடலாம்" என்றான்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. தனியாக இருக்கிறார். இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

கரண்ட் போன மதியம்

மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போனது. ஃபேன் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது. "தூசியாவது கொசுவாவது" என்று எழுந்து போய் தெருப்பக்க ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன்.

முடியவில்லை.

எங்கள் வீட்டு ஜன்னல் பழைய பாணி. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். வெளிப்பக்கம் நெடுக இரும்புக் கம்பிகள். உள்பக்கமாகத் திறக்கும் நான்கு மரக் கதவுகள்; மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். மேல் கதவுகளுக்கான தாழ்ப்பாள் உச்சியில், தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் இருக்கிறது. கீழ்க் கதவுகளுக்கான தாழ்ப்பாள் கீழே, முழங்கால் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே.

நான் எம்பி நின்று மேல் தாழ்ப்பாளின் குமிழைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்ததில் சடாரென்று இறங்கியது. விரல் நுனி சிவந்து தோல் வழன்றுவிட்டது. எனக்கு ஐம்பது வயது. ஓரளவு தெம்பான கைதான்.

அப்போதுதான் திரும்பி அம்மாவின் கையைப் பார்த்தேன்.

விரல் முட்டிகள் வீங்கி, கட்டைவிரல் அடியில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் கை. சப்பாத்தி மாவு பிசைவதை விட்டு இரண்டு வருஷம் ஆயிற்று. தண்ணீர் பாட்டில் மூடியைக் கீரைக்காரம்மாவிடம் கொடுத்துத் திறந்து வாங்கிக்கொள்கிறார். அம்மாவின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு.

"அம்மா, இங்க வா. இந்தத் தாழ்ப்பாளைப் போடு பாப்போம்."

"இப்ப எதுக்கு அது? தொறந்ததுதான் தொறந்தே, கிடக்கட்டும்."

"போடும்மா."

அம்மா வந்து நின்றார். கையைத் தூக்கினார். தோள் உயரத்துக்கு மேல் கை போகவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். அவர் பார்வை தன்னையறியாமல் மூலையில் கிடந்த முக்காலிக்குப் போய் வந்ததை நான் கவனித்தேன்.

"அதுமேல ஏறினியா?"

பதில் இல்லை.

"எப்ப விழுந்தே?"

"சித்திரையில" என்றார் மெல்ல. "பெரிசா ஒண்ணும் இல்ல. இடுப்புல கொஞ்சம் ரத்தம் கட்டிப்போச்சு. ரெண்டு வாரத்துல சரியாப் போச்சு. உங்ககிட்ட சொன்னா உடனே வீட்டைப் பூட்டிட்டு வான்னு சொல்லுவீங்க."

நேற்று ராத்திரிதான் அதைப் பேசி முடித்திருந்தோம், நானும் தம்பியும்.

மேல் கதவு போனால் கீழ்க் கதவும் போகும்

அன்று மதியம் அம்மா சொல்லச் சொல்ல எல்லாம் புரிந்தது.

நான்கு கதவு ஜன்னலை நம் பெரியவர்கள் அழகுக்காகச் செய்யவில்லை. சூடான காற்று மேலே ஏறும். மேல் கதவுகளை மட்டும் திறந்துவைத்தால் அறையின் வெக்கை வெளியே போகும், வெளிச்சம் வரும். ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். மதியம் கூடத்தில் தலைக்கு ஒரு மணையை வைத்துக்கொண்டு படுக்கலாம். கீழ்க் கதவைத் தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

முக்காலியிலிருந்து விழுந்த பிறகு அம்மா மேல் கதவுகளைத் தொடுவதில்லை. கீழ்க் கதவைத் திறந்தால் தெருவே கூடத்தைப் பார்க்கும். அதனால் அதையும் திறப்பதில்லை. எட்டாமல் போனது மேலே இருந்த தாழ்ப்பாள்தான். ஆனால் வீடு முழுக்க இருட்டாகிவிட்டது. தூசி, கொசு, எதிர்வீடு எல்லாம் அம்மா தன் கௌரவத்துக்காகச் சொன்ன காரணங்கள்.

நாங்கள் அதற்கு டிப்ரஷன் என்று பெயர் வைத்திருந்தோம்.

"சரி, இந்தத் தாழ்ப்பாளையெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு வேற போட்டுடலாம்" என்றேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அதுல கை வைக்காத. உங்கப்பா போட்டது."

எழுபத்தேழு புயல்

1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தையே புரட்டிப்போட்ட நாள். எனக்கு அப்போது மூன்று வயது. எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தேன். விடியற்காலை இருட்டில் தெருப்பக்க ஜன்னல் பிய்த்துக்கொண்டு திறந்ததாம். காற்றும் மழையும் கூடத்துக்குள் அடித்து, என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாராம். அப்பா விடியும்வரை தன் முதுகை ஜன்னல் கதவுக்குக் கொடுத்து நின்றாராம்.

புயல் ஓய்ந்து, சாலை சரியானதும் அப்பா செய்த முதல் வேலை, மன்னார்குடிக்குப் போய் இருபது இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்தது. ஒரு ஜன்னலுக்கு நான்கு. ஐந்து ஜன்னலுக்கு இருபது. அப்பா ஆறடி. அவர் கைக்கு எது வசதியோ அங்கே அடித்தார்.

அந்தத் தாழ்ப்பாள்கள் வீண் போகவில்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் ஊரில் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. கொல்லைப்பக்கக் கூரை ஓடுகள் பறந்தன. ஜன்னல்கள் மட்டும் அசையவில்லை. அப்பா போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. "உங்கப்பா கெட்டியாப் புடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரியே இருந்துச்சு" என்று அம்மா அன்றைக்குச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதில் கை வைக்காதே என்றால் எப்படி வைப்பது?

எண்ணெய், கொக்கி, ஒரு நூல் ஆட்டம்

முதலில் நானே களத்தில் இறங்கினேன். தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் வழுவழுவென்று போனது. மூன்றாம் நாள் தூசி சேர்ந்து கறுப்புப் பசையாகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்து, "எண்ணெய் விடாதம்மா. மெழுகுவத்தியத் தேய்ச்சு விடு" என்றார். அது உண்மையிலேயே வேலை செய்தது. ஆனால், எட்டாத தாழ்ப்பாள் எவ்வளவு வழுக்கினால் என்ன?

அடுத்து, ஹார்டுவேர் கடையில் கொக்கியும் வளையமும் வாங்கி வந்தேன். மேல் கதவுகள் இரண்டையும் கைக்கு எட்டும் கீழ் ஓரத்தில் ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டிவிட்டால் போதும் என்பது என் கணக்கு. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு நானே முடுக்கினேன். பெருமையாக இருந்தது.

ஆடி மாதம் என்பதை மறந்துவிட்டேன். அம்மியையே பறக்கவிடும் காற்றுக்கு இந்தக் கொக்கி எம்மாத்திரம்! ராத்திரி முழுக்க டக்... டக்... டக்கென்று கதவு அடித்துக்கொண்டது. அம்மாவும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. அதோடு, அந்தச் சின்னக் கொக்கியை நுனிவிரலால் இடுக்கித் தூக்க அம்மாவால் முடியவில்லை.

அம்மாவை எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனபோது அவர் விளக்கியது நினைவுக்கு வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒன்றை இடுக்கிப் பிடிக்கும்போது, நுனியில் கொடுக்கும் அழுத்தத்தைப்போலப் பல மடங்கு கட்டைவிரலின் அடிமூட்டில் விழுமாம். தேய்ந்த மூட்டுக்கு அதுதான் வலி. "இடுக்குற வேலையக் குறைங்க. உள்ளங்கையால, முழங்கையால செய்யிற மாதிரி மாத்துங்க" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கை கழுவும் இடத்தில் நீளமான கைப்பிடி உள்ள குழாயைப் பார்த்திருப்பீர்கள். முழங்கையால் தள்ளினாலே திறக்கும். அதே தத்துவம்.

மறுநாள் ஆசாரியை வரச் சொன்னேன். அறுபது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பாதான் எங்கள் வீட்டுக்கு ஜன்னல் செய்தவர். என் கொக்கியைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவுல ஒரு நூல் ஆட்டம் இருக்கு பாரு. இங்க ஒரு நூல்னா, கதவு நடுவுல ஒன்றரை அங்குலம் உள்ள வரும்."

நான் நம்பவில்லை. தச்சு வேலையில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் மூன்று மில்லிமீட்டர். அது எப்படி ஒன்றரை அங்குலம் ஆகும்? ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். கதவைத் தள்ளிய இடத்தில் கிட்டத்தட்ட அதேதான் வந்தது. நேர்க்கோட்டில் நிற்கும் இரண்டு கதவுகள் சேருமிடத்தில் இம்மி இடைவெளி கிடைத்தாலும், இரண்டும் சேர்ந்து மடங்கும்போது நடுப்பகுதி அவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகிறது. வீட்டுக் காலண்டர் அட்டையை இரண்டு ஓரமும் பிடித்து லேசாக நெருக்கிப் பாருங்கள். நடுவில் எவ்வளவு எம்புகிறது என்று தெரியும். கணக்கு டீச்சரிடம் நான் படிக்காத பாடத்தை ஆசாரி ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஒரு கட்டை, ஒரு திருகு, நாலு கதவு

ஆசாரி ஜன்னலைத் திறந்தார், சாத்தினார். மறுபடி திறந்தார், சாத்தினார்.

"பெரியம்மா, இதுக்கு நாலு தாழ்ப்பாள் எதுக்கு? இந்தா பாருங்க, வலது கதவோட ஓரம் இடது கதவு மேல ஏறி உக்காருது. வலதைப் புடிச்சு நிறுத்திட்டா இடது எங்க போவும்? மேலயும் அப்படித்தான், கீழயும் அப்படித்தான்."

கடைசியாகச் சாத்தும் கதவைப் பிடித்தால் முதலில் சாத்திய கதவும் தானாக நிற்கும். ஐம்பது வருஷமாக இந்த ஜன்னலைத் திறந்து மூடிய எனக்கு இது தெரியாது.

"அப்ப ரெண்டு போதுமா?" என்றேன்.

"ஒண்ணு போதும்" என்றார்.

நடுச்சட்டத்தில், அம்மாவின் கழுத்து உயரத்தில், ஒரு மரக்கட்டை. நடுவில் ஒரே ஒரு திருகு. கட்டையைக் குறுக்காகத் திருப்பினால் சட்டத்துக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். நான்கு கதவையும் திறக்கலாம். நெடுக்காக நிறுத்தினால் மேல் முனை மேல் கதவையும், கீழ் முனை கீழ்க் கதவையும் அழுத்திக்கொள்ளும். மேல் கதவை மட்டும் திறக்க வேண்டுமா? கட்டையைத் திருப்பி, மேல் கதவைத் திறந்துவிட்டு, கீழ்க் கதவைக் கையால் சாத்திவைத்தால் போதும். "அது காத்துல தொறக்கும்னா, கீழ் கதவுக்கு உங்க வீட்டுக்காரர் போட்ட தாழ்ப்பாள் இருக்கவே இருக்கு."

"இது புறாக்கூண்டுக்குப் போடுறதுல்ல?" என்றார் அம்மா.

"அதேதான் பெரியம்மா."

"நான் என்ன புறாவா?"

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தார். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

கட்டையை எங்கே பதிப்பது என்று பார்க்க, ஆசாரி நடுச்சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டினார். சுரண்டியவர் நின்றுவிட்டார். பல அடுக்குப் பெயிண்டுக்கு அடியில், புட்டி வைத்து அடைத்த ஒரு பழைய திருகுத் துளை. அவர் எந்த இடத்தைக் குறித்தாரோ, கிட்டத்தட்ட அதே இடம்.

"எங்கப்பா போட்டிருக்காரு" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். "ஆமா, அங்க ஒரு கட்டை இருந்துச்சு. புயல்ல அதுதான் பிச்சுக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தானே உங்கப்பா இரும்புத் தாழ்ப்பாளா வாங்கிட்டு வந்தாரு" என்றார் சாதாரணமாக.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே!"

காவல்காரன் தூங்கிப்போன கதை

கொல்லையில் உடைந்துகிடந்த தேக்கு நாற்காலியின் கையிலிருந்து ஆசாரி முதல் கட்டையை அறுத்தார். ஐந்து அங்குல நீளம். மாட்டிவிட்டுப் போனார். அம்மா திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் சிரமப்பட்டார், ஆனால் முடிந்தது.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கதவு படாரென்று சுவரில் மோதியது. காற்றின் அதிர்வில் கட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தானே திரும்பிப் படுத்துவிட்டது.

இருட்டில் அம்மாவின் குரல் கேட்டது: "உன் காவக்காரன் தூங்கிட்டான்டி."

அன்றைக்கு வைத்த பெயர்தான் இன்றும் நிற்கிறது.

மறுநாள் ஆசாரி மூன்று மாற்றங்கள் செய்தார். முதலாவது, நீளம். நடுச்சட்டம் மூன்று அங்குல அகலம். மேலே இரண்டு, கீழே இரண்டு அங்குலம் கதவைப் பிடிக்கும்படி ஏழு அங்குலமாக்கினார். நெம்புகோல் நீண்டால் பலம் குறைவாகப் போதும். இப்போது விரலே வேண்டாம். உள்ளங்கை ஓரத்தால் தள்ளினாலே திரும்புகிறது. இரண்டாவது, கட்டையின் அடிப்பக்கத்தை ஓரத்தில் லேசாகச் சரிவாகச் சீவினார். திருப்பும்போது ஆப்பு மாதிரி ஏறிக் கதவை இறுக்கிக்கொள்ளும். அந்த டக் டக் சத்தம் இல்லை. மூன்றாவது, திருகுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் வாஷர். கட்டை எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும். தானாகச் சுழலாது.

மழைக்காலத்துக்கும் சேர்த்து ஒரு விஷயம் சொன்னார். மரம் ஈரத்தில் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, அகலவாக்கில்தான் உப்பும். தாழ்ப்பாள் தண்டு போய் விழ வேண்டிய துளை கொஞ்சம் விலகினாலும் அது விழாது. கீலின் திருகுகள் தளர்ந்து கதவு இறங்கினாலும் இதே கதைதான். "இந்தக் கட்டைக்குத் துளையே கிடையாதே. கதவு அரை அங்குலம் இறங்கினாலும் இது புடிச்சுக்கும்" என்றார். ஐப்பசி மழையில் அதையும் பார்த்துவிட்டோம். தாழ்ப்பாள்கள் முரண்டு பிடித்தன, காவல்காரன் பிடிக்கவில்லை.

திருடன் பயம்? அதற்குக் கம்பிகள் இருக்கின்றன. புயல் பயம்? அதற்கு அப்பாவின் இருபது தாழ்ப்பாள்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. எல்லாவற்றுக்கும் மெழுகு தேய்த்துவைத்திருக்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து மேல் தாழ்ப்பாள்களைப் போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அந்த ஒரு ராத்திரிக்கு அப்பா. மற்ற நாட்களுக்குக் காவல்காரன்.

ஐந்து ஜன்னலுக்கும் சேர்த்து ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி. மரம் வீட்டு நாற்காலியிலேயே கிடைத்துவிட்டது. திருகும் வாஷரும் வாங்கிய காசில் ஒரு சினிமாவுக்குக்கூடப் போக முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் இருக்கலாம்

பிறகு ஒருநாள் படித்தேன். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவலி உள்ள தன் மனைவி பெட்சி காய் சீவும் கருவியைப் பிடிக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து, தடிமனான ரப்பர் கைப்பிடி வைத்த கருவிகளைச் செய்யவைத்தாராம். 1990-ல் 'ஆக்ஸோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வலி இல்லாதவர்களும் அதையே விரும்பி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. லீவுக்கு வந்த தம்பியின் ஏழு வயதுப் பெண், ஆளில்லாத நேரம் பார்த்து ஐந்து காவல்காரனையும் நிறுத்தி, படுக்கவைத்து, நிறுத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எட்டவில்லைதான். ஆனால், அவளுக்குத் தாத்தாவின் முக்காலி இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா போட்ட சத்தத்தில் முக்காலி பரணுக்குப் போய்விட்டது.

வீட்டைப் பூட்டுகிற பேச்சை நாங்கள் இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம். தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருநாள் ஏதாவது ஆச்சுன்னா?" என்றான். கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால், அப்பாவும் அந்த ஒருநாளை நினைத்துத்தான் இருபது தாழ்ப்பாள் அடித்தார். அவர் இருந்தவரை அவரே திறந்தார், சரியாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு எஞ்சிய எல்லா நாட்களையும் அம்மா இருட்டில் கழித்தார். நாங்களும் அதே காரியத்தைச் செய்யக் கூடாது என்று மட்டும் தம்பியிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பாத்ரூம் குழாயும் திருகுற மாதிரிதானே இருக்கு? அதையும் மாத்தச் சொல்லுக்கா" என்றான்.

ஊரில் தனியாக இருக்கும் அம்மா, அப்பாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு வேண்டுகோள். போனதும் அவர்கள் மாத்திரை டப்பாவைப் பார்ப்பீர்கள். அதோடு, வீட்டில் எது திறக்கப்படாமலே இருக்கிறது என்றும் பாருங்கள். எந்த ஜன்னல், எந்த அலமாரி, எந்த டப்பா மூடி? "ஏன் திறக்கல?" என்று கேட்காதீர்கள், தூசி, கொசு என்றுதான் பதில் வரும். "எனக்காக ஒரு தடவை திறந்து காட்டுங்க" என்று சொல்லுங்கள். அவர்கள் கையைக் கவனியுங்கள். நுனிவிரலால் இடுக்க வேண்டியதை உள்ளங்கையால் தள்ளும்படி மாற்ற முடியுமா, உச்சியில் இருப்பதைத் தோளுக்குக் கீழே கொண்டுவர முடியுமா என்று ஊர் ஆசாரியைக் கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

இப்போது தினமும் சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வருகிறது. என்ன சமையல், மாத்திரை போட்டாயிற்றா என்பதெல்லாம் முடிந்த பிறகு எதிர்வீட்டுக் கதை வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் இப்போது அம்மாவுக்கு நெருக்கம். அவர்கள் வீட்டுக் குழந்தை நடக்க ஆரம்பித்ததைக் கூடத்து ஜன்னல் வழியாகத்தான் அம்மா பார்த்தாராம்.

நேற்றுப் பேசி முடிக்கும்போது வழக்கம்போலக் கேட்டேன்: "ஜன்னலைச் சாத்திட்டியாம்மா?"

"காவக்காரன் இப்பதான் படுத்திருக்கான். காத்து நல்லா வருது. கொஞ்ச நேரம் கழிச்சு எழுப்பிக்கிறேன்" என்றார்.